ஆன்டிவைரஸ் பத்தி பேசுறதுக்கு முன்னாடி பில்ல எடுத்துப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. விலை எவ்ளோ, எத்தனை கம்ப்யூட்டருக்கு, எத்தனை ஸ்டார்னு கட்டம் கட்டி போட்டிருந்தீங்க, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. படிச்சுட்டு எங்க தெருவுலயே ரெண்டு பேரு பேப்பர கையோட எடுத்துக்கிட்டு வந்து "அக்கா, இதுல எத வாங்கட்டும்"னு எங்கிட்ட கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் நான் சொன்னது ஒண்ணுதான், மொதல்ல வீட்டுக்குப் போயி கம்ப்யூட்டர் வாங்குன பில்ல தேடி எடுத்துட்டு வாங்க, அதுல விண்டோஸ்னு ஒரு வரி இருக்கான்னு பாப்போம், ஆன்டிவைரஸ அப்புறம் பேசிக்கலாம். உங்க பக்கத்துல இந்த விஷயம் மட்டும் இல்லாம போச்சு, அதனாலதான் இந்த லெட்டர். நீளமாத்தான் வரும்போல இருக்கு, வெட்டிதான் போடணும்னா நடுவுல என் கதைய வெட்டிக்கோங்க, கடைசில கேட்டிருக்கறத மட்டும் விட்றாதீங்க.

நான் சேலம் அம்மாபேட்டைல இருக்கேன். வீட்டுலயே கம்ப்யூட்டர்ல சேலை டிசைன் போடுறதுதான் தொழில், கரை, முந்தி, உடம்புல வர்ற புட்டா எல்லாம் போடுவேன். எங்கப்பாவும் இதே வேலைதான் பண்ணாரு, அவரு காலத்துல கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா பென்சில்ல போட்டு கலர் அடிச்சு அட்டை குத்துற எடத்துக்கு கொடுப்பாரு, ஒரு பெரிய முந்திக்கு பத்து நாளு கண்ணு வலிக்க உக்காரணும். இப்ப அதே கட்டத்த ஸ்கிரீன்ல போடுறோம், ஒரு கட்டம் தப்பா போச்சுன்னா தறியில ஒரு நூலு தப்பா எந்திரிக்கும், சேலை முழுக்க அந்தத் தப்பு வரும். முடிச்ச ஃபைல பென்டிரைவ்ல போட்டு இளம்பிள்ளைக்கு கொடுத்து விடுவேன், எலக்ட்ரானிக் ஜக்கார்டு, அதாவது டிசைனுக்கு தகுந்த மாதிரி தறியில நூல தூக்குற மிஷின், இருக்கறவங்க அப்படியே மிஷின்ல ஏத்திக்குவாங்க, பழைய ஜக்கார்டுன்னா அட்டை குத்தப் போகும். அந்த பென்டிரைவ் நடுவுல எத்தன கம்ப்யூட்டர்ல சொருகிட்டு திரும்பி வருதுன்னு கேட்டா எனக்கே தெரியாது. சில நேரம் வைரஸ் ஏறி, திரும்பி வர்றப்ப ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி இருக்கும், இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் அது பழக்கமான விஷயம்தான்.

2019ல டவுன்ல ஒரு கடையில கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி வாங்குனேன், கடை பேரு வேண்டாம். "விண்டோஸ் போட்டு, ஆபீஸ் போட்டு, எல்லாம் ரெடியா குடுத்துர்றோம்க்கா, ஆன்டிவைரஸ் மட்டும்தான் தனியா காசு, அது இல்லாம நெட்டுக்கு போனீங்கன்னா ஒரே நாள்ல போயிரும்"னு பயமுறுத்துனாங்க. சரின்னு ஒரு வருஷ பாக்ஸும் வாங்கிட்டு வந்தேன். அந்த பில்லு இன்னும் எங்கிட்ட இருக்கு. மதர்போர்டு, பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ்னு வரி வரியா போட்டு கடைசி வரியில ஆன்டிவைரஸ் 1. விண்டோஸ்னு ஒரு வரி இல்ல. நானும் கேக்கல, கேக்கணும்னே தெரியாது, டிவி வாங்குனா உள்ள ஸ்கிரீன் இருக்கும்ல அந்த மாதிரி கம்ப்யூட்டர்னா விண்டோஸ் இருக்கும்னு நெனச்சேன்.

அவங்க போட்டுக் கொடுத்தது கிராக் விண்டோஸ், அதாவது லைசென்ஸ் வாங்காம திருட்டுத்தனமா ஓட்டுற காப்பி. இங்கதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் நிதானமா சொல்றேன். விண்டோஸ் 8 வந்ததுல இருந்தே விண்டோஸ் கூடவே டிஃபெண்டர்னு ஒரு ஆன்டிவைரஸ் வருது, தனியா காசு கிடையாது. கிராக் போடுறதுக்கு ஆக்டிவேட்டர்னு ஒரு சின்ன புரோகிராம ஓட்டுவாங்க, அத டிஃபெண்டர் பாத்த ஒடனே புடிச்சு அழிச்சிரும். அப்ப என்ன பண்ணுவாங்க, மொதல்ல டிஃபெண்டர அணைப்பாங்க, இல்லன்னா இந்த ஃபோல்டர மட்டும் எப்பவும் பாக்காதேன்னு அதுகிட்ட எழுதி வெச்சிருவாங்க. வேலை முடிஞ்சதும் திரும்ப போட்டு விடுறவங்களும் இருப்பாங்க, எங்க வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்ல போட்டு விடல. அணைச்சுட்டு, அதே கையோட எங்கிட்ட காசு வாங்கிட்டு வேற ஆன்டிவைரஸ் வித்திருக்காங்க. பின்கதவ கழட்டி எடுத்துக்கிட்டு முன்கதவுக்கு பூட்டு விக்கிறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்.

ஒரு வருஷம் முடிஞ்சு லைசென்ஸ் தீர்ந்தப்ப கொரோனா, தறி எல்லாம் நின்னு போச்சு, ரினியூ பண்ண காசு இல்ல. தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு அத அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், டிஃபெண்டர் தானா வந்துக்கும்னாங்க. அவங்க சொன்னதும் தப்பு இல்ல, சாதாரணமா வெளி ஆன்டிவைரஸ் போனா டிஃபெண்டர் தானா முழிச்சுக்கும். எங்களுது முழிக்கவே இல்ல, அது எனக்கு ரெண்டு வருஷம் தெரியவும் இல்ல.

2022 ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், தீவாளி ஆர்டர் எல்லாம் அப்பதான் வந்து குவியும். டிசைன் போடுற சாப்ட்வேரோட புது வெர்ஷன் வேணும்னு ஒரு பார்ட்டி கேட்டாங்க, ஃபைல் அதுல இருந்தாதான் அவங்க மிஷின்ல எடுக்கும்னு. ஒரிஜினல் வாங்குற அளவுக்கு வசதி இல்ல, நெட்டுல தேடுனேன், கெடச்சுது. நான்தான் எறக்குனேன், வேற யாரு மேலயும் பழி போட எனக்கு மனசு வரல. அது ஒரு ஜிப் ஃபைல், தொறக்க பாஸ்வேர்ட் கேட்டுச்சு, பாஸ்வேர்டையும் பக்கத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க. அது எதுக்குன்னு அப்ப தெரியல, இப்ப தெரியும், பாஸ்வேர்ட் போட்ட ஜிப்புக்குள்ள என்ன இருக்குன்னு ஆன்டிவைரஸால பாக்க முடியாது. கூடவே ஒரு நோட்பேட்ல "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணவும்"னு இருந்துச்சு. எங்க வீட்டுல ஆஃப் பண்ண எதுவும் இல்லவே இல்ல.

டபுள் கிளிக் பண்ணேன், சாப்ட்வேர் எதுவும் தொறக்கல. கொஞ்ச நேரத்துல விண்டோஸ் அப்டேட் ஆகுதுன்னு ஒரு சின்ன ஜன்னல் வந்துச்சு, பர்சென்ட் மெதுவா ஏறுது. அப்டேட் ஓடறப்ப அணைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல, அதனால அணைக்காம எந்திரிச்சுப் போயி டீ வெச்சேன். கேபினெட்ல ஹார்ட் டிஸ்க்கோட சின்ன லைட்டு விடாம மினுக்கு மினுக்குன்னு இருந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அது அப்டேட்டே இல்ல, நான் அணைச்சிரக் கூடாதுன்னே அப்படி ஒரு பொய் ஜன்னல காட்டிட்டு பின்னாடி ஒவ்வொரு ஃபைலா பூட்டிக்கிட்டு இருந்திருக்கு. டீயோட வந்து மயில் முந்தி ஃபோல்டர தொறந்தா ஃபைல் படம் எல்லாம் வெள்ளையா கெடக்கு, பேருக்கு பின்னாடி நாலெழுத்துல என்னமோ ஒட்டியிருக்கு. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ரீட்மின்னு ஒரு நோட்டு. ஃபைல் திரும்ப வேணும்னா 980 டாலர் கட்டணும், 72 மணி நேரத்துக்குள்ள பேசுனா பாதி, 490 டாலர். அன்னிக்கு டாலர் கிட்டத்தட்ட 80 ரூவா, பாதின்னாலும் 39 ஆயிரம்.

பதினோரு வருஷ டிசைனுங்க. அதுலயும் எங்கப்பா கையால வரைஞ்ச கிராஃப் ஷீட்டு நாப்பது இருக்கும், அவரு போனதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன், பேப்பர் மழைக்காலத்துல கரையான் அரிச்சு போச்சு, ஸ்கேன் மட்டும்தான் மிச்சம். அதுவும் அந்த கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு.

காசு கட்டல. கட்டலாம்னு எங்க வீட்டுக்காரருகூட சொன்னாரு, சித்தி பையன் என்ஜினியரிங் படிக்கிறான், அவன்தான் அக்கா கட்டாதீங்க கட்டுனாலும் தருவாங்கன்னு என்ன நிச்சயம்னு தடுத்தான். ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற இந்த வைரஸ் வகைக்கு ஸ்டாப்னு பேராம், முக்காவாசி கிராக் சாப்ட்வேர் வழியாத்தான் பரவுதுன்னு அவன்தான் சொன்னான். 2016ல நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய போலீசும் ரெண்டு ஆன்டிவைரஸ் கம்பெனியும் சேந்து நோ மோர் ரான்சம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க, பூட்டுன ஃபைலுக்கு இலவசமா சாவி இருக்கான்னு அதுல தேடலாம். தேடுனோம். பூட்டறப்ப நெட்டு இல்லாம இருந்திருந்தா பொதுவான சாவியில பூட்டியிருக்கும், அப்படி இருந்தா தொறக்க வாய்ப்பு உண்டாம், எங்க வீட்டுல நெட்டு ஓடிக்கிட்டு இருந்ததால எனக்குன்னு தனி சாவி போட்டு பூட்டியிருக்கு, அதுக்கு வழி இல்ல. இந்த வைரஸ் அவசரத்துல ஒவ்வொரு ஃபைல்லயும் மொதல் 150 கேபி அளவ மட்டும்தான் பூட்டுமாம், அதனால என் தங்கச்சி கல்யாண வீடியோ பெருசா இருந்ததால பாதிக்கு மேல மீட்டுட்டான், என் டிசைன் ஃபைல் எல்லாம் சின்னது, முழுசா அதுக்குள்ளயே அடங்கிப் போச்சு. மெயில்ல அனுப்புனது, இளம்பிள்ளைல பென்டிரைவ்ல மாட்டிக்கிட்டு இருந்ததுன்னு கொஞ்சம் திரும்ப கெடச்சுது. அப்பா போட்டதுல ஏழு ஷீட்டு வந்துச்சு.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன், இது நெறைய பேருக்கு தெரியாது. இந்த வைரஸ் கூடவே பிரவுசர்ல சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்ட திருடுற ஒண்ணும் பல நேரம் சேந்து வரும். அதனால ஃபைல் போச்சேன்னு அழுதுக்கிட்டு உக்காராம, அன்னிக்கே வேற ஒரு மிஷின்ல இருந்து பேங்க் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்தணும், நான் போன்ல மாத்துனேன். பேங்க்ல இருந்து காசு போயிருந்தா யோசிக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிக்கணும், பேங்குக்கும் ஒடனே சொல்லணும். நம்ம தப்பும் இல்ல பேங்க் தப்பும் இல்ல, வேற எங்கயோ ஓட்டைன்னா மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நம்ம மேல பொறுப்பு வராதுன்னு ரிசர்வ் பேங்க் 2017லயே சொல்லியிருக்கு.

எல்லாம் முடிஞ்சு கம்ப்யூட்டர்ல இருக்கறத துடைச்சு அழிக்கறதுக்கு முன்னாடி அந்த சித்தி பையன் விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்த தொறந்து காட்டுனான். டிஃபெண்டர் போடுற சுவிட்சு சாம்பல் கலர்ல செத்து கெடக்கு, மேல இங்கிலீஷ்ல ஒரு வரி, இந்த செட்டிங்க நிர்வாகி கட்டுப்படுத்துறாருன்னு அர்த்தம். வீட்டு கம்ப்யூட்டருக்கு நிர்வாகி யாருங்க, நான்தானே, நான் எப்ப அணைச்சேன். அந்த ஒரு வரிய பாத்தப்பதான் எனக்கு வயிறு எரிஞ்சுது, ஃபைல் போனப்ப கூட அவ்ளோ எரியல.

அதனால இப்ப யாரு கேட்டாலும் நான் சொல்றது இதுதான். பில்லுல விண்டோஸ் இருக்கான்னு பாருங்க. லேப்டாப்னா பெரும்பாலும் லைசென்ஸோடயே வரும், ஆனா ஆயிரம் ரெண்டாயிரம் கம்மியா இருக்கேன்னு எடுக்குறது சில நேரம் டாஸ்னு போட்டிருக்கும், விண்டோஸ் இல்லன்னு அர்த்தம், அத எடுத்தா கடைக்காரரு மறுபடி கிராக்தான் போட்டுத் தருவாரு. செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல உங்க ஆர்கனைசேஷனோட ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலமா ஆக்டிவேட் ஆயிருக்குன்னு வந்தா சந்தேகப்படுங்க, வீட்டுக்கு ஏது ஆர்கனைசேஷன். அது வரலன்னா ஒரிஜினல்னு முடிவு பண்ணிராதீங்க, வேற மாதிரி கிராக்கும் இருக்கு, பில்லுதான் சாட்சி. விண்டோஸ் 11 தனியா வாங்குனா பத்தாயிரத்துக்கு மேல ஆகும், எனக்கு தெரியும் அது நம்ம மாதிரி வீட்டுக்கு பெரிய காசுன்னு. நெட்டு, மெயில், பசங்க படிப்பு மட்டும்னா விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மிண்ட் மாதிரி இலவசமா சட்டப்படியே கெடைக்கறத போட்டுக்கலாம், கிராக் விண்டோஸுக்கு மேல ரெண்டாயிரம் ரூவா ஆன்டிவைரஸ் போடுறத விட அது எவ்வளவோ மேல். எனக்கு டிசைன் சாப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும், அதனால வேற வழி இல்லாம விண்டோஸோட வர்ற லேப்டாப்பு ஒண்ணு தவணையில எடுத்தேன்.

ஒரிஜினல் விண்டோஸ் இருந்து, அப்டேட் ஒழுங்கா ஆயிக்கிட்டு இருந்து, வீட்டுல நெட்டும் ஒழுங்கா வருதுன்னா, தனியா ஆன்டிவைரஸ் வாங்காட்டி ஒண்ணும் கெட்டுப் போகாதுன்னுதான் நான் நெனைக்கிறேன். ஜெர்மனில மாக்டபர்க்ல ஏவி டெஸ்ட்னு ஒரு லேப் இருக்கு, பாதுகாப்பு, வேகம், சும்மா சும்மா கத்தாம இருக்கறது மூணுக்கும் தலா 6 மார்க்குன்னு 18க்கு மார்க் போடுவாங்க, டிஃபெண்டர் கொஞ்ச வருஷமாவே காசு கொடுத்து வாங்குறதுக்கு சமமா மார்க் வாங்கிக்கிட்டு இருக்கு. உங்க பக்கத்துல அது பேரே இல்லாம இருந்தது எனக்கு கொஞ்சம் வருத்தம்தான், காசு இல்லாததால கட்டத்துக்குள்ள வராம போயிருக்கும் போல.

ஆனா எல்லார் வீட்டுக்கும் அதே பதில் சரி வராது. என் நாத்தனார ஏற்காட்டுல கொடுத்திருக்கு, நாகலூர் பக்கம், காப்பியும் மிளகும். கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி ஊருக்குள்ள போனாலும் அவங்க வீட்டுல சிக்னல் மாடில ஒரு மூலைல நின்னாதான் வரும், மழை புடிச்சா அதுவும் போச்சு. ஆள் கூலி, மூட்டை கணக்கு, மிளகு போட்ட கணக்கு எல்லாம் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்காங்க, நெட்டு வாரத்துல ரெண்டு நாளு வந்தா பெருசு, எதுன்னாலும் பென்டிரைவ்ல கீழ சேலத்துக்கு கொடுத்து விட்டு பிரிண்ட் எடுத்து வருவாங்க. டிஃபெண்டர் பாதி வேலைய நெட்டு வழியா மைக்ரோசாப்ட் சர்வர்கிட்ட கேட்டுத்தான் பண்ணுது, நெட்டு இல்லாதப்ப அது புடிக்கிறது கம்மி. ஆஸ்திரியால ஏவி கம்பேரட்டிவ்ஸ்னு இன்னொரு லேப், அவங்க டெஸ்ட்ல நெட்டு இல்லாம எவ்ளோ புடிக்குதுன்னு தனி பத்தியே போடுறாங்க, அதுல டிஃபெண்டர் எறங்கித்தான் இருக்கும். அதனால நாத்தனார் வீட்டுக்கு மட்டும் காசு கொடுத்துதான் வாங்கச் சொன்னேன், ஸ்டாரப் பாக்காம அந்த பத்தியப் பாத்து, பென்டிரைவ் சொருகுன ஒடனே தானா ஸ்கேன் பண்ணுற மாதிரி. இதுக்கு அமெரிக்கா கம்பெனியத்தான் தேடணும்னு இல்ல, கே7 சென்னைக்காரங்கதான், 1991ல இருந்து இருக்காங்க, குவிக் ஹீல் புனே. வாரம் ஒரு தடவ நெட்டு வர்ற அன்னிக்கு அப்டேட் பண்ணிருங்க அண்ணின்னு சொல்லி வெச்சிருக்கேன், காலண்டர்ல வட்டம் போட்டு மாட்டியிருக்காங்க.

காசு கொடுத்து வாங்குறதா இருந்தா சில விஷயம் கேட்டுக்கிட்டு வாங்குங்க. பாக்ஸுக்குள்ள வர்ற கீ நம்பர் ஏற்கனவே யாரும் சுரண்டாம இருக்கணும். மொதல் வருஷ விலை பாதியா போட்டிருந்தா ரெண்டாவது வருஷ விலை என்னன்னு கேளுங்க, நெட்டுல கார்டு கொடுத்து வாங்குனா ஆட்டோ ரினியூவல் டிக் போட்டுத்தான் இருக்கும், 15 ஆயிரத்துக்கு உள்ளன்னா அடுத்த வருஷம் ஓடிபி கூட கேக்காம எடுத்துக்குவாங்க, 24 மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு மெசேஜ் வரும், அத பாத்து நிறுத்துனாதான் உண்டு. டோட்டல் செக்யூரிட்டின்னு வர்றதுல கிளீனர், பூஸ்டர்னு சேத்து விலை ஏத்தியிருப்பாங்க, அதெல்லாம் எனக்கு ஒரு நாளும் தேவைப்படல. ஒண்ணு இருக்கறப்ப இன்னொண்ண மேல போடாதீங்க, ரெண்டும் அடிச்சுக்கும், கம்ப்யூட்டர் நகராது.

இலவசமா கொடுக்குறாங்களேன்னும் யோசிக்காம போட்ராதீங்க. அவாஸ்ட்னு நம்ம பக்கம் நெறைய கம்ப்யூட்டர்ல ஆரஞ்சு கலர்ல ஒக்காந்திருக்குமே, அந்தக் கம்பெனி யாரு எந்த பக்கத்துக்கு போனாங்கங்கற வெவரத்த ஜம்ப்ஷாட்னு தன்னோட இன்னொரு கம்பெனி வழியா வித்துச்சு, 2020ல வெளிய தெரிஞ்சு அந்தக் கம்பெனிய மூடுனாங்க, 2024ல அமெரிக்க அரசாங்க அமைப்பு 165 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு. நம்ம வீட்டுக்குள்ள எல்லா ஃபைலையும் பாக்குற அதிகாரத்த ஒருத்தர்கிட்ட கொடுக்கறோம், அது யாருன்னு பாக்காம எப்படிங்க கொடுக்குறது. காஸ்பர்ஸ்கிங்கற ஆன்டிவைரஸ அமெரிக்கால 2024ல விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க, ரஷ்யா கம்பெனிங்கறதால, அது அவங்க நாட்டு விஷயம், நம்ம ஊருல தடை இல்ல, வேணுங்கறவங்க யோசிச்சு முடிவு பண்ணிக்கலாம்.

விண்டோஸ் 10 வெச்சிருக்கறவங்களுக்கு 2025 அக்டோபர் 14ந்தேதியோட இலவச அப்டேட் நின்னு போச்சு, பதிவு பண்ணிக்கிட்டா மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும்னு மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கு, செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துலயே அதுக்கு வழி இருக்கு. பழைய விண்டோஸ்ல இருக்குற ஓட்டைய ஆன்டிவைரஸால அடைக்க முடியாது. 2017 மே மாசம் வானாகிரைன்னு ஒரு வைரஸ் வந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரி எல்லாம் நின்னுச்சே, அந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் மாசமே அப்டேட் விட்டுருச்சு, போடாதவங்கதான் மாட்டுனாங்க. கிராக் விண்டோஸ்ல அப்டேட்டையே நிறுத்தி வெச்சிருப்பாங்க, கிராக் போயிருமேன்னு.

உங்க ஆன்டிவைரஸ் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கவும் ஒரு வழி இருக்கு. ஐகார்னு 68 எழுத்துல ஒரு சோதனை வரி, அது வைரஸ் இல்ல, ஒண்ணும் பண்ணாது, ஆனா எல்லா ஆன்டிவைரஸும் அத பாத்தா கத்தணும்னு பேசி வெச்சிருக்காங்க. நோட்பேட்ல போட்டு சேவ் பண்ணா ஒடனே கத்தணும். பேப்பரோட வந்த ரெண்டு பேருல ஒருத்தர் வீட்டுல போட்டுப் பாத்தேன், பில்லுலயும் விண்டோஸ் இல்ல, அந்த வரி போட்டும் சத்தமே இல்ல. அவரு பொண்ணு பக்கத்துல ஒக்காந்து பேங்க் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருந்துச்சு, ஆதார், மார்க் ஷீட்டு, போட்டோ எல்லாம் அதுலதான்.

நான் இப்ப வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலை முடிஞ்சதும் எல்லா டிசைனையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி, வயர கழட்டி பீரோவுல பட்டுச்சேலைக்கு நடுவுல வெச்சிர்றேன். கழட்டணும், அது முக்கியம், மாட்டியே இருந்தா அதையும் சேத்துத்தான் பூட்டும். பசங்களுக்கு தனி யூசர் போட்டு நிர்வாகி பாஸ்வேர்ட கொடுக்கல.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டு விஷயம். ஆயுத பூஜை, தீவாளின்னா சேலத்துல கம்ப்யூட்டர் கடை விளம்பரம் உங்க பேப்பர்லயே வரும், ஆன்டிவைரஸ் இலவசம்னு பெருசா போட்டு. அதுலயே ஒரிஜினல் விண்டோஸ் உண்டா இல்லையான்னு ஒரு வரி போடச் சொல்லி கடைக்காரங்ககிட்ட கேளுங்க, பில்லுலயும் தனி வரியா எழுதச் சொல்லுங்க. ஒழுங்கா தொழில் பண்ணுற கடைக்காரங்களும் சேலத்துல நெறைய பேரு இருக்காங்க, அவங்களுக்கு இதுல நட்டம் எதுவும் இல்ல.

இன்னொண்ணு என் சொந்த விஷயம்தான், ஆனாலும் கேக்குறேன். இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி, தாரமங்கலம் பக்கம் தறி வெச்சிருக்கறவங்க யாராவது இத படிச்சா, 2015ல இருந்து 2022க்குள்ள அம்மாபேட்டைல இருந்து வந்த பழைய பென்டிரைவ் எதுவும் மேஜை டிராயர்ல கெடக்கான்னு ஒரு தடவ பாருங்க. மயில் முந்தி, அன்னப்பட்சி கரை, கோபுர கரைன்னு பேரு போட்டு, பின்னாடி அப்பான்னு எழுதியிருக்கும். இருந்தா இந்தப் பேப்பர் ஆபீசுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க, நானே வந்து காப்பி எடுத்துக்கறேன். சொருகறதுக்கு முன்னாடி மட்டும் ஸ்கேன் பண்ணிருங்க.

இப்படிக்கு,
சேலை டிசைன் போடும் ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.